பன்னிரண்டு வேட்டி உயரம்

1972 அக்டோபர் 3, செவ்வாய்

நேற்று இந்த நோட்டில் ஆறடி நான்கு அங்குலம் என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அடையாறில் அண்ணாச்சி வீட்டு மாடியறையில், சன்னலுக்குக் கீழே, இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடத்தின் நீளம் அது. அளந்தது எங்கள் துணிக்கடையின் இஞ்சு டேப்பால். அந்த டேப்புக்கு முதல் அங்குலம் கிடையாது. பித்தளை முனையோடு கிழிந்து போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றிலிருந்து பிடித்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். கடையில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் கழிக்க மறந்துவிட்டேன். ஆகவே ஆறடி மூன்று என்று அடித்துத் திருத்தினேன்.

இன்று காலை பல் தேய்க்கும்போது இன்னொன்று உறைத்தது. டேப் மொத்தமே அறுபது அங்குலம். ஐந்தடிக்கு மேல் எதை அளந்தாலும் இரண்டு தடவை பிடிக்க வேண்டும். இரண்டு தடவை பிடித்தால் இரண்டு அங்குலம் கழிக்க வேண்டும். ஆக, ஆறடி இரண்டு. திருத்தத்துக்கு ஒரு திருத்தம். இப்போது சரி என்றுதான் நினைக்கிறேன். நாளை வேறு டேப் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போய் அளந்துவிட்டு நிச்சயமாக நினைக்கிறேன்.

முதலிலிருந்து ஒழுங்காக எழுதுவது நல்லது.

சண்முகவேல் அண்ணாச்சிக்குத் தியாகராய நகரில் துணிக்கடை. நான் அங்கே பில் போடுகிறேன். ஐந்தரைக்குக் கிளம்பி மயிலாப்பூரில் மாலை வகுப்பில் டிராயிங் படிக்கிறேன். தேர்வு இம்மாதம் 23 முதல் 27 வரை, ஐந்து மாலைகள். தீபாவளி நவம்பர் ஐந்து. அதாவது ஊரிலுள்ள எல்லோரும் எங்கள் கடைக்குள் நுழையப் பார்க்கும் வாரத்தில் நான் வெளியேறப் பார்க்க வேண்டும். தேதி குறித்தவர் ஆயுளில் ஒரு துண்டுகூட வாங்காதவராக இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அண்ணாச்சி வீட்டுக்கு டெலிபோன் வந்தது. ஆறு வருடம் காத்திருந்து வந்த டெலிபோன். அதைப் போய் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? டெலிபோனுக்கு ஒரு ஆபீஸ் தேவைப்பட்டது. ஆபீஸ் என்றால் அதில் உட்கார ஒரு முதலாளி வேண்டும். அவர் தயாராக இருந்தார். மேசைதான் இல்லை.

"எலேய் நல்லசிவம், சாயங்காலமானா ஓடுதியே, அங்க என்னத்தடே படிக்கே?" என்றார் அண்ணாச்சி.

"டிராயிங் அண்ணாச்சி."

"மேசை வரைவியா?"

"வரைவேன் அண்ணாச்சி."

"அப்பம் ஒண்ணு வரை. சுவத்துக்குச் சுவர் பலகை. டெலிபோன் இருக்கணும், நான் உக்காந்து எழுதணும். பாக்கவன் பெரிய ஆபீசுன்னு நெனைக்கணும்."

அந்தச் சமயம் பார்த்துத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். தீபாவளிக்கு முன்னால் துணிக்கடையில் லீவு கேட்பவனைப் பார்த்து வேறென்ன செய்வது.

"மேசை சரியா வந்துச்சுன்னா அஞ்சு நாளும் போ. சரியா வரலைன்னா நீ அங்க படிச்சதுல என்ன பிரயோசனம்? பேசாம பில்லைப் போடு."

ஆக, என் தேர்வு இப்போது ஆறடி இரண்டு அங்குலம் நீளம்.

அக்டோபர் 5, வியாழன்

இரவல் டேப்பிலும் ஆறடி இரண்டு. மூன்று தடவை அளந்தேன். நான்காவது தடவை அளக்க ஆசையாக இருந்தது. தங்கபுஷ்பம் அக்கா, அண்ணாச்சியின் மனைவி, வாசலில் நின்று "சுவரு வளருதா தம்பி?" என்று கேட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

படம் முடிந்தது. பாடப்புத்தகத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கோட்டு போட்டவர். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டம். முதுகு நேராக, முட்டி செங்கோணமாக, பாதம் இரண்டும் தரையில். அவரைச் சுற்றிலும் அம்புக்குறிகள். நாற்காலி பதினேழரை அங்குலம், மேசை முப்பது. அவரைப் பார்த்தாலே எனக்கு ஒரு மரியாதை வருகிறது. வாழ்க்கையில் ஒருமுறைகூட முதுகு வளையாதவர்.

அவர் அளவுகளையே போட்டேன். மேல்பலகை ஒன்றரை அங்குல கனம். அதற்குக் கீழே முன்பக்கம் முழு நீளத்துக்கும் ஐந்து அங்குல முகப்புப் பலகை. பலத்துக்காக. உண்மையைச் சொன்னால், அது இல்லாமல் படம் மொட்டையாக இருந்தது.

எங்களுக்கு டிராயிங் நடத்துவது ராஜநாயகம் சார். பகலில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "முகப்புப் பலகை அழகு. லெட்டரிங் மட்டும் கொஞ்சம் சாயுது" என்றார். சிவப்பு மசியில் 'நன்று' என்று எழுதினார். அந்த 'நன்று'வும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் சொல்லவில்லை.

அக்டோபர் 7, சனி

தச்சர் கிடைத்துவிட்டார். இக்னேஷியஸ். சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில் பட்டறை. மாதா கோயில் பெஞ்சுகள் செய்பவர் என்று ராஜநாயகம் சார் சொல்லி அனுப்பினார். படத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு நேராக. இரண்டும் அவருக்கு ஒன்றாகவே இருந்தது போல.

"ஷோக்கா கீது நைனா. இன்னா இது, மேசையா, ஹார்பரா?"

"மேசை. சுவருக்குச் சுவர்."

"ஒக்கார்றதா, முட்டி போடறதா?"

"என்னது?"

"ஒக்காந்துக்கினு எழுதறதா, முட்டி போட்டுக்கினு எழுதறதா? மொதல்ல கேட்டுக்கணும் நைனா. போன வருசம் கேக்காம ஒரு பெஞ்சு பண்ணிட்டு, முட்டி போட்ட கெழவிங்க கையில வாங்குன திட்டு எனக்குத்தான் தெரியும்."

"மேசைக்கு முன்னால யாருங்க முட்டி போடுவாங்க?"

"அது எனக்கு இன்னா தெரியும்? உங்க மொதலாளி எப்டி ஒக்கார்றாருன்னு நான் என்னா போய்ப் பாத்துக்கினா கீறேன்?"

"நாற்காலியில் உட்காருவார்" என்று விறைப்பாகச் சொன்னேன். படத்தில் இருக்கும் முப்பது அங்குலத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். இவ்வளவு தெளிவாக வரைந்த பிறகும் கேள்வி கேட்கிறவர்களை என்ன செய்வது.

பட்டறைச் சுவரில் மூன்று சவப்பெட்டிகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அதுக்கு அளவே எடுக்கறதில்ல நைனா. பெருசு, நடுத்தரம், சின்னது. இத்தினி வருசத்துல ஒருத்தன் வந்து அரை இஞ்சு இடிக்குதுன்னு கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல. மேசைக்காரனுங்கதான் உசுர வாங்குவானுங்கோ."

அக்டோபர் 10, செவ்வாய்

மரம் வாங்க வேண்டியதில்லை. போன மாதம் கடைக்கு இழுத்து மூடும் இரும்புக் கதவு போட்டார்கள். அதற்கு முன் கடையை மூடியது பலகைகளால். பதினோரு தேக்குப் பலகைகள். வரிசை மாறாமல் வாசல் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் இறக்குவதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் எண் வெட்டியிருக்கும். அவை இப்போது கிடங்கில் கிடக்கின்றன. மூன்றைச் சேர்த்து ஒட்டினால் மேசைப் பலகை.

இக்னேஷியஸ் பதினொன்றையும் தட்டிப் பார்த்தார். "அஞ்சு, எட்டு, ஒம்போது. மூணும் கல்லு மாதிரி கீது மொதலாளி."

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுல ஆணி ஓட்டை கீதே."

"இருக்கட்டும் வே. அஞ்சாம் பலகைய மொதல்ல போட்டு எவனாவது கடை பூட்டுவானா?"

"இது கடை இல்லியே மொதலாளி, மேசைதானே?"

"எங் கடைப் பலகைல்லா? பலகைக்குத் தெரியாதா?"

இக்னேஷியஸ் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

"சரி, நம்பரக் கீழ்ப்பக்கம் திருப்பிடறேன்."

"மேல தெரியணும். வாரவன் பாக்கணும்லா?"

"எழுதச் சொல்லோ பேனா அந்தக் குழியில எறங்கும்."

"எறங்கட்டும்."

படத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைச் சேர்த்தேன். ஒன்று அண்ணாச்சி பக்கம். லெட்டரிங் இந்தத் தடவை சாயவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று விஜயதசமி. நல்ல நாள் என்று மேசை பொருத்த வைத்திருந்தார்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வரிசை மாற்றினாலும் எனக்குச் சாதகமாக வரவில்லை.

காலை எட்டரைக்கு இக்னேஷியஸ் பலகையை இறக்கினார். இரண்டு சுவருக்கும் நடுவே அது போய் உட்கார்ந்த விதம்! ஒரு போஸ்ட் கார்டு நுழைய இடமில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், குமிழி நடுவில் நின்றது. நான் பிறந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று ஏறக்குறைய பத்து நிமிடம் நம்பினேன்.

டெலிபோனுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்கள். புது நாற்காலி வந்திருந்தது, கைப்பிடி இல்லாதது, புத்தகத்தில் உள்ளபடி பதினேழரை அங்குலம். அண்ணாச்சி உட்கார்ந்தார். முதுகு நேராக, முட்டி செங்கோணமாக, பாதம் இரண்டும் தரையில். கோட்டு மட்டும்தான் இல்லை. போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்தது போல் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தார்.

அந்த இடைவெளியில் தங்கபுஷ்பம் அக்கா இக்னேஷியஸுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார், "வேற என்னல்லாம் செய்வீங்க?"

"கோயில் பெஞ்சும்மா. அலமாரி. பொட்டி."

"துணி வைக்கப் பொட்டியா?"

"இல்லம்மா. ஆள் வைக்க."

அக்கா காப்பி டம்ளரைத் திருப்பி வாங்கவில்லை.

அப்போதுதான் டக் என்று ஒரு சத்தம். அண்ணாச்சியின் வலது முட்டி. அவர் ஒன்றும் செய்யவில்லை, கால் தானாக மேலே வந்திருக்கிறது. வந்து முகப்புப் பலகையில் இடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு காலைக் கீழே இறக்கினார். அரை நிமிடத்தில் இடது கால் கிளம்பியது. டக்.

எனக்கு உறைத்தது. கடையில் அண்ணாச்சி மெத்தை போட்ட மேடையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்வார். இருபத்தெட்டு வருடமாக. நான் தினமும் எட்டடி தூரத்தில் இருந்து பார்க்கிறேன். சாப்பிடும்போது சம்மணம். டாக்சியில் சம்மணம். சலூனில் முடி வெட்டும் நாற்காலியிலும் சம்மணம் என்று கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்துவிட்டுப் போய், முகமில்லாத ஒரு வெள்ளைக்காரருக்கு மேசை வரைந்திருக்கிறேன். சுவரை மூன்று தடவை அளந்தேன். சன்னலை அளந்தேன். டெலிபோனை அளந்தேன். உட்காரப் போகிறவரை மட்டும் அளக்கவில்லை.

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு காலையும் மடக்கி நிம்மதியாக உட்கார்ந்தார். நாற்காலி அவருக்கு அரைவாசிதான் இருந்தது. மேசை இப்போது கைக்கு எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. அவர் காலைப் பிரித்து, வேட்டியைச் சரிசெய்து, எழுந்து வருவதற்குள் எட்டுத் தடவை அடித்து ஓய்ந்தது. ஆறு வருடம் காத்திருந்தவருக்காக டெலிபோனால் அரை நிமிடம் காத்திருக்க முடியவில்லை.

"எலேய், மேசை சரியில்லடே."

"மேசை நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "உங்க காலுதான் இன்னும் கடையில இருந்து வரல."

"சும்மா இரு. நல்லசிவம், எங்கடே தப்பு?"

இக்னேஷியஸ் முந்திக்கொண்டார். "நான் அப்பவே கேட்டேன் மொதலாளி, ஒக்கார்றதா முட்டி போடறதான்னு. இது மூணாவதா ஒண்ணு. பரவால்ல. மடிச்சாப்பலயே இருங்க, முட்டிய ஒரு அளவு எடுத்துக்கறேன்." இடுப்பிலிருந்து மடக்குக் கோலை உருவி அண்ணாச்சியின் தொடைப் பக்கம் கொண்டு போனார்.

அண்ணாச்சி அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

"கோலை உள்ள வையும் வே! ஆள் வைக்கப் பொட்டி செய்யுத கோலு, எம்மேல படவா?"

"பொட்டிக்கு அளவே எடுக்கறதில்ல மொதலாளி. மூணு சைஸ்தான். உங்களுக்குன்னா பெருசு..."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணாச்சி சுவர் வரை பின்வாங்கிவிட்டார்.

நான் என் டேப்பை எடுத்தேன். "நான் அளக்கேன் அண்ணாச்சி."

"அளந்து யார்ட்டடே குடுப்பே? அந்தாள்ட்டத்தானே? ஒரு கோலும் வேண்டாம், ஒரு டேப்பும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள மேசையச் சரி பண்ணு. இல்லைன்னா திங்கக்கிழமை சாயங்காலம் பில் புஸ்தகத்தோட உக்காரு. என்னைய மட்டும் எவனும் அளக்கக்கூடாது."

திங்கட்கிழமைதான் முதல் தேர்வு.

அக்டோபர் 18, புதன்

வகுப்பில் ராஜநாயகம் சாரிடம் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். "சார், இவர் சம்மணம் போட்டால் மேசை எவ்வளவு உயரம்?"

அவர் கோட்டுக்காரரை வெகு நேரம் பார்த்தார். "இவர் போட மாட்டார்" என்றார்.

"வேறு யாராவது போட்டால்?"

"சிலபஸ்ல இல்லை."

நானே யோசித்தேன். என் யோசனைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதால் இரண்டு தடவை யோசித்தேன். மேல்பலகை தரையிலிருந்து முப்பது. அதில் பலகையின் கனம் ஒன்றரை, முகப்பு ஐந்து போனால், முகப்பின் கீழ்விளிம்பு இருபத்து மூன்றரையில் நிற்கிறது. நாற்காலி பதினேழரை. நடுவில் ஆறு அங்குலம். அண்ணாச்சியின் மடித்த முட்டி அந்த ஆறில் அடங்காது என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று தெரிய வேண்டும். கண்ணால் மதிப்பிடலாம். ஆனால் என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும்.

அக்டோபர் 19, வியாழன்

கடையில் கூட்டம் கொஞ்சம் அடங்கியது மத்தியானம் இரண்டரைக்கு. அண்ணாச்சி மெத்தையில் வழக்கம் போல் சம்மணத்தில் இருந்தார். நான் ஒரு கட்டு எட்டு முழ வேட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடிப்புக் கலையாத புது வேட்டிகள், எல்லாம் ஒரே கனம். அவருடைய வலது முட்டிக்கு அருகில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

ஏழாவது வேட்டியில் திரும்பினார்.

"என்னடே பண்ணுதே?"

"ஸ்டாக் எண்ணுதேன் அண்ணாச்சி."

"ஸ்டாக்கு அலமாரியில இருக்கு. எம் முட்டில இல்லை."

எட்டாவது வேட்டி கையில் இருந்தது. வைப்பதா, எடுப்பதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் இருக்கவேண்டிய பெஞ்சு கண்ணுக்குத் தெரிந்தது, அதில் யாருமில்லை.

"கோலு இல்லை அண்ணாச்சி. டேப்பும் இல்லை" என்றேன்.

அண்ணாச்சி வேட்டி அடுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எதிரே ஒரு மாமியிடம், "அந்தக் கலரு வெளுக்காதும்மா, நான் கேரண்டி" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அசையவில்லை. விசிறிக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது. விஜயதசமியன்று போட்டோவுக்கு இருந்தது போல் இருந்தார்.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

"இன்னொண்ணு வை" என்றார், மாமி பக்கமே பார்த்துக்கொண்டு. "வேட்டிய ஒழுங்கா அடுக்குதானான்னு பாக்கேன்."

பன்னிரண்டாவது வேட்டி முட்டியின் மேல்மட்டத்துக்குச் சரியாக வந்தது.

மெத்தை உறையில் கோடுகள் உண்டு, ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டி வரை பத்தொன்பது கோட்டு இடைவெளி. அதை எண்ணுவதற்கு அவரைத் தொடவும் வேண்டியிருக்கவில்லை. இருபத்தெட்டரை அங்குலம்.

பன்னிரண்டு வேட்டியையும் கலையாமல் கிடங்குக்கு எடுத்துப் போய் டேப்பை வைத்தேன். ஒன்பதே முக்கால் என்று காட்டியது. ஒன்றைக் கழித்தேன். எட்டே முக்கால். ஒரு தடவைதான் பிடித்தேன், அதனால் ஒன்றுதான் கழிக்க வேண்டும். இதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பதினேழரையும் எட்டே முக்காலும் இருபத்தாறேகால். முகப்பின் விளிம்பு இருபத்து மூன்றரை. இரண்டே முக்கால் அங்குலம் இடிக்கிறது. முகப்பை எடுத்துவிட்டால் மேல்பலகையின் அடி இருபத்தெட்டரையில். தாராளமாக இடம் இருக்கிறது. அதாவது மேசையில் குற்றம் செய்தது ஒரே பலகை. ராஜநாயகம் சார் அழகு என்றாரே, அந்தப் பலகை.

வகுப்புக்குப் போகும் வழியில் பட்டறைக்குப் போனேன்.

"முட்டி எட்டே முக்கால். அகலம் இருபத்தெட்டரை."

இக்னேஷியஸ் இழைப்புளியைக் கீழே வைத்தார். "அந்தாள எப்டி நைனா அளந்தே? மயக்க மருந்து குடுத்தியா?"

"வேட்டி வைத்து."

அவர் சிரித்த சிரிப்பில் பெரிய சைஸ் பெட்டி ஒன்று சுவரிலிருந்து சரிந்தது. இரண்டு பேரும் பிடித்து நிமிர்த்தினோம்.

"முன்னாடி பலகைய அப்டியே கழட்டிடலாமா?"

"நடுவுல தொங்கிடும் நைனா. ரெண்டு ஓரத்துலயும் வுட்டுட்டு, ஆளு ஒக்கார்ற எடத்துல மட்டும் மூணடி வெட்டிடலாம். பின்னால சொவத்துல ஒரு கட்டை குடுத்துடறேன், தாங்கும். படத்துல போட்டுக் குடு."

வரைந்து கொடுத்தேன். அழகாக வரைந்த ஒன்றை நானே மூன்றடிக்கு அழித்தேன். அழிரப்பர் நன்றாக வேலை செய்கிறது.

"நாற்காலியும் அவருக்குப் பத்தாது" என்றேன். "அதே உயரத்தில் அகலமாக ஒரு பெஞ்சு."

"அது சொல்லு. பெஞ்சுன்னா நம்ம கை தானா ஓடும். மரம்?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே யோசனை என்பதால் உடனே எழுதி வைக்கிறேன். "நாலாம் பலகையும் அஞ்சாம் பலகையும். எண் மேலே தெரிய."

அக்டோபர் 20, வெள்ளி

முகப்பை வெட்டினார்கள். பெஞ்சைப் போட்டார்கள். இக்னேஷியஸ் மடக்குக் கோலை வீட்டு வாசலிலேயே சைக்கிளில் வைத்துவிட்டு வந்தார், கேட்காமலே.

அண்ணாச்சி முதலில் பெஞ்சைக் குனிந்து பார்த்தார். விரலால் நாலைத் தடவினார், ஐந்தைத் தடவினார். நிமிர்ந்து மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று. வாய்க்குள் எண்ணிக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்தார். வலது காலை மடக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. இடது கால். அப்போதும் வரவில்லை.

"என்னங்க, காலு வந்துட்டா?" என்றார் அக்கா.

அவர் டெலிபோனைப் பார்த்துக் கையை நீட்டினார். எட்டியது. எடுத்துக் காதில் வைத்து, யாரும் கூப்பிடாத டெலிபோனை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் எதைக் கேட்டாரோ, முகம் நிறைந்திருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து, புதுப் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டார். பேனா ஒன்றாம் எண்ணின் குழிக்குள் இறங்கித் தாளைத் துளைத்தது.

இக்னேஷியஸ் கூரையைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். தேர்வின் ஐந்து மாலைகளும் அந்தத் துளையில் தொங்கின.

"அட்டை வச்சு எழுதணும்" என்றார் அண்ணாச்சி, துளையை ஊதிவிட்டு. "பலகைய ஒண்ணும் சொல்லக்கூடாது. எலேய், திங்கக்கிழமை பரீட்சை எத்தனை மணிக்குடே?"

"ஆறு மணிக்கு அண்ணாச்சி."

"அஞ்சேகாலுக்குக் கெளம்பிரு. சீசன்ல பஸ்ஸு நிக்காது."

மேசை நன்றாக இருக்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

காலையில் மேற்கு மாம்பலத்தில் என் வாடகை அறையில் படிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்ததும் கோட்டுக்காரர். இன்னமும் அதே உட்கார்வு. அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. தேர்வில் மேசை வந்தால் அவர் அளவைத்தான் போட வேண்டும். முப்பது, பதினேழரை. போடுகிறேன். முகப்புப் பலகையும் போடுகிறேன். சாருக்குப் பிடிக்கும்.

பதினொரு மணிக்குக் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். ஞாயிறும் சீசனில் கடை உண்டு. போனால், அண்ணாச்சியின் மைத்துனர் ஜவஹர் மெத்தையில் சம்மணமாக உட்கார்ந்திருந்தார். அடையாறு மேசையைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். அவருக்கும் டெலிபோன் வரப்போகிறதாம். அவருக்கும் ஆபீஸ் வேண்டுமாம்.

"இவன்தான்டே பாத்துச் செய்வான்" என்றார் அண்ணாச்சி. "அளவெல்லாம் எடுக்க மாட்டான். கையில கோலே தொட மாட்டான்." பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், "இவன் கொஞ்சம் தடி. பதினாலு எடுத்து வச்சுக்கோ."

பதினைந்து தேவைப்பட்டது. படம் தேர்வு முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

நாளைக்கு: பென்சில் நான்கையும் சீவ வேண்டும். செட் ஸ்கொயர் இரண்டு, காம்பஸ், அழிரப்பர், ஹால் டிக்கெட் பையில் வைக்க வேண்டும். டேப் வேண்டாம். எட்டரைக்குக் கடை. ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும்.